மூடியைத் திறந்து பார்த்தீர்களா?



மாடு வாங்கப் போகும் உழவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். படகு வாங்கும் மீனவர் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு மாட்டின் விலையைக் கொடுத்து மடிக்கணினி வாங்குகிற நாம், விளம்பரத்தின் வண்ணத்தைக் கண்ட மாத்திரத்தில் கையெழுத்திட்டு விடுகிறோம். பிள்ளைகளின் படிப்பு இந்தப் பொறியை நம்பியிருக்கும் காலம் இது. ஆகவே இம்மாதம் அதனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கடப்பாக்கத்தில் வாழும் மீனவர் ஒருவர் தம் மகளோடு என்னிடம் வந்தார். மகளுக்குக் கல்லூரியில் கணினி அறிவியல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. மடித்து வைத்திருந்த இரண்டு விளம்பரத் தாள்களை மேசைமேல் விரித்தார்.

"சாமி, இதில் எதை வாங்கலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை வாங்கினால், இன்னும் நாலைந்து வருஷத்துக்கு மறுபடி வாங்க என்னால் ஆகாது" என்றார்.

ஒன்று வெள்ளி நிறம், விரல் தடிமன்கூட இல்லை, விலை அறுபத்திரண்டாயிரம். மற்றொன்று கறுப்பு, சற்றுத் தடித்தது, நாற்பத்து மூவாயிரம். வெள்ளி நிறத்ததை வாங்குவதானால் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போக வேண்டும். பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் பார்வை மட்டும் வெள்ளி நிறத் தாளை விட்டு அகலவில்லை.

உடனே விடை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கொரோனாக் காலத்தில், 2021இல், வேறொரு குடும்பம் இதே கேள்வியுடன் வந்தபோது, "இருப்பதில் விலை குறைந்ததை வாங்குங்கள், போதும்" என்று எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அவ்வாறே வாங்கினார்கள். அதன் நினைவகம் 4 ஜி.பி.; சேமிப்பிடம் 64 ஜி.பி.; இரண்டும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. ஓராண்டுக்குள் இயங்குதளத்தின் புதுப்பிப்புகளே இடத்தை அடைத்துக்கொண்டன. வேறொன்று சேர்க்கவும் வழியில்லை, இருப்பதை மாற்றவும் வழியில்லை. இரண்டாம் ஆண்டில் கீலும் பெயர்ந்தது. அந்தப் பையன் தன் இறுதியாண்டுச் செய்முறைப் பதிவேட்டை நண்பர்கள் வீட்டில், அவர்கள் உறங்கிய பிறகு, இரவல் பொறியில் எழுதி முடித்தான். மலிவு என்று நான் சொன்னது அந்த வீட்டுக்கு மலிவாக முடியவில்லை. அவன் தந்தையிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். ஆயினும் கெட்ட பணம் திரும்புமா?

ஆகவே இம்முறை நிதானித்தேன். "வீட்டில் பழைய கணினி எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"பெரியவன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது கிடக்கிறது சாமி. அது செத்துப்போய் ஆறு வருஷம் ஆயிற்று."

"செத்ததா, உறங்குகிறதா என்று பார்ப்போம். அதையும் எடுத்து வாருங்கள்" என்றேன்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது; பின்வந்த ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைகளுக்குப் போயின. தொடக்க ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் 14 அங்குலத் திரை, 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க் கொண்டவை. இன்று அவற்றுள் எத்தனையோ பரண்மேல் தூங்குகின்றன. அவர் கொண்டு வந்ததும் அவ்வகையைச் சேர்ந்ததே. அதையும் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, மூன்று கேள்விகளைக் கேட்டோம். நிலைத்து நிற்குமா? வேலையைச் செய்யுமா? திறந்து திருத்த இடம் கொடுக்குமா?

முதற்கேள்வி, உடற்கட்டைப் பற்றியது. கடப்பாக்கத்தார்க்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. புது மிதிவண்டியின் சங்கிலி ஒரு மழைக்காலத்தில் துருவேறுவதையும், சன்னல் கம்பி ஆண்டுதோறும் வண்ணம் கேட்பதையும் காணாதவர் யார்? காற்றில் மிதக்கும் உப்புத் துகள், ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போது, ஈரத்தை உறிஞ்சித் தானே உப்புநீராகிவிடும். அந்நீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். விசிறி வழியே உள்ளே புகும் கடற்காற்று, தாய்ப்பலகையின் மெல்லிய செப்புக் கோடுகளிலும், யு.எஸ்.பி. துளைகளிலும் செய்கிற வேலை இதுதான்.

உலோக உடலானால் உயர்ந்தது, பிளாஸ்டிக்கானால் தாழ்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அலுமினியம் வளையாது, கீலை உறுதியாகத் தாங்கும், இது மெய்யே. ஆனால் மேற்பூச்சு உரிந்த அலுமினியம் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். நல்ல தடிமனுள்ள பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்வதில்லை. ஆகவே பொருளைக் காட்டிலும் கட்டப்பட்ட முறையைப் பாருங்கள். கடையில் திரையின் மேல்விளிம்பை நடுவில் ஒரு விரலால் பிடித்துத் திறவுங்கள். மூலைகள் நெளிகின்றனவா? விசைப்பலகையின் நடுவில் அழுத்துங்கள், மெத்தைபோல் அமிழ்கிறதா? கீல் மிக இறுக்கமாக இருக்கிறதா? மலிவான பொறிகளில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களில் முடுக்கப்பட்டிருக்கும். இறுகிய கீலை ஒரு மூலையைப் பிடித்து நாள்தோறும் இழுத்தால் அக்குமிழ்கள் பெயர்ந்து வந்துவிடும். முன்பு நான் சொன்ன பையனின் கணினி கெட்டது இவ்வாறே.

விளம்பரங்களில் 'இராணுவத் தரம்' என்றொரு சொல் இப்போது அடிபடுகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்.டி.டி.-810 என்னும் சோதனை நெறியைக் குறிப்பது அது. அதிர்வு, வெப்பம், தூசி, வீழ்ச்சி எனப் பல சோதனைகள் அதில் உள்ளன. ஆனால் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். உப்புப் பனிச் சோதனை என்று தனியே ஒன்று, 509 என்னும் எண்ணில், அந்நெறியில் இருக்கிறது. கடற்கரைவாசிகள் கேட்க வேண்டியது அதனைத்தான். அது செய்யப்படவில்லையெனில், அந்தப் பெருமைச் சொல் நமக்கு அதிகம் உதவாது. மேலும், அரிப்பினால் வரும் பழுதைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாம் கேள்வி, வேலைத் திறனைப் பற்றியது. இங்கேதான் எண்களும் எழுத்துகளும் நம்மை மிரட்டுகின்றன. செயலி என்பது கணக்கிடும் மூளை; நினைவகம், அதாவது ராம், வேலை செய்யும் மேசை; சேமிப்பிடம் அலமாரி. மூளை எவ்வளவு கூர்மையாயினும் மேசை சிறிதானால், ஒவ்வொரு தாளுக்கும் அலமாரிக்கு ஓட வேண்டும். அலமாரியும் பழைய சுழல்தட்டு ஹார்டு டிஸ்க்காக இருந்தால், போய்வருவதிலேயே பொழுது கழியும். 'கணினி மெதுவாகிவிட்டது' என்று நாம் குறைபடும் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி செயலியன்று. சிறிய மேசையும் பழைய அலமாரியுமே. கல்லூரிப் படிப்புக்கு எஸ்.எஸ்.டி. என்னும் அசையாத் தட்டு கட்டாயம். நினைவகம் 8 ஜி.பி. இருப்பது தொடக்கத்துக்குப் போதும். நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு 16 இருந்தால் நிம்மதி.

செயலியின் பெயரில் ஏமாறாதீர்கள். வெளுத்ததெல்லாம் பால் அல்ல. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என இரண்டு செயலிகள் உண்டு. பெயரளவில் ஓர் எண்ணே வேறுபாடு. ஆயினும் முன்னதில் நான்கு கோர். 2019இல் வந்த ஜென் 2 அமைப்பு. பின்னதில் ஆறு கோர். அடுத்து வந்த ஜென் 3 அமைப்பு. அந்த வரிசையில் மூன்றாம் எண்ணே அமைப்பின் தலைமுறையைக் காட்டுவது. இதுமட்டுமா? 7520யூ ஏற்கும் நினைவகம் பலகையில் பற்றவைக்கும் வகையைச் சேர்ந்தது. பின்னாளில் கூட்ட முடியாது. இன்டெல் செயலிகளில் எண்ணின் இறுதியில் யூ என்றிருந்தால் மின்சாரம் குறைவாக உண்பது; எச் என்றிருந்தால் வலிமை மிகுந்தது, ஆனால் வெப்பமும் மிகுந்தது. மிக மெல்லிய உடலுக்குள் வலிய செயலியை அடைத்தால், அக்கினி நட்சத்திர வெயிலில் அது சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் தாளில் மட்டும் நிற்கும்.

இவ்விரண்டு கேள்விகளிலும் அந்த இரண்டு தாள்களும் ஏறத்தாழ நிகராகவே நின்றன. வெள்ளி நிறத்ததன் திரை சற்று அழகு, எடையும் குறைவு, நினைவகம் 16 ஜி.பி. கறுப்பில் 8 மட்டுமே. பெண்ணின் முகம் மலர்ந்தது. அப்போது மூன்றாம் கேள்விக்கு வந்தோம்.

மதுராந்தகத்தில் கணினி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் அன்று வந்திருந்தார். பழைய அரசுக் கணினியை அவர் கையில் கொடுத்தோம். அடிப்புறத்தில் சில திருகுகளைக் கழற்றியதும் மூடி வந்துவிட்டது. உள்ளே 2 ஜி.பி. நினைவகப் பலகை ஒரு துளையில் செருகியிருந்தது. அருகில் இன்னொரு துளை பன்னிரண்டு ஆண்டுகளாக வெறுமையாகவே காத்திருந்தது. ஹார்டு டிஸ்க் தனியே கழன்றது, அதுவே பழுது. தாய்ப்பலகைக்கு ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் அவர் சென்னை ரிச்சி தெருவில் பழைய 4 ஜி.பி. நினைவகம் ஒன்றும், புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றும் வாங்கி வந்து பொருத்தினார். செலவு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே அதில் இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினார். பேட்டரி போனது போனதுதான். மின்செருகியில் மாட்டினால் ஓடுகிறது. செத்ததென்று கிடந்த பொறியில் இன்று அவ்வீட்டின் கடைக்குட்டி பள்ளிப் பாடம் எழுதுகிறான்.

இதனை உயிர்ப்பித்தது எது? விலையா? அது இலவசமாக வந்தது. பெயரா? பெட்டியில் பெயரே அழிந்திருந்தது. திறக்கக்கூடியதாக இருந்தது; அவ்வளவே.

பிறகு வெள்ளி நிறத்ததன் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படித்தோம். டெல், எச்.பி., லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் பொறிகளை எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்னும் கையேடுகளைத் தம் இணையதளங்களில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வாங்கும்முன் அதைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? வெள்ளி நிறத்ததில் நினைவகம் முழுவதும் எல்.பி.டி.டி.ஆர்.5, பற்றவைத்தது. இன்று 16 என்றால் என்றும் 16தான். பலகையில் நினைவகச் சில்லு ஒன்று பழுதானால் தாய்ப்பலகை முழுவதையும் மாற்றச் சொல்வதே வழக்கம். கறுப்பிலோ டி.டி.ஆர்.4 துளைகள் இரண்டு, ஒன்று வெறுமை. எஸ்.எஸ்.டி.க்கான எம்.2 துளையும் கூடுதலாக ஒன்று உண்டு. பேட்டரி பசையால் ஒட்டப்படவில்லை, திருகுகளால் நிற்கிறது.

பற்றவைப்பது எல்லாம் வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் பொறி மெலிகிறது; மின்செலவு குறைகிறது; வேகமும் கூடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் எம்1 சில்லைக் கொண்டுவந்தபோது, நினைவகத்தைச் செயலியோடு ஒரே தொகுப்பாக்கியது; அதன் வேகத்தை உலகம் வியந்தது. தொடக்கத்திலேயே போதிய அளவு வாங்கப் பணமுள்ளவர்க்கு அது நல்ல ஏற்பாடே. இன்று சிறிது, நாளை சிறிது என்று சேர்த்து வாழும் குடும்பங்களுக்கு அது பொருந்துவதில்லை. வலையில் ஒரு கண் அறுந்தால் அந்தக் கண்ணை மட்டும் முடிந்துகொள்கிறோம், வலையையே எரிப்பதில்லை. அவ்வாறு முடிய இடமளிக்கும் பொறியே நமக்கு ஏற்றது.

பிற நாடுகளிலும் இதனை உணர்ந்துவருகின்றனர். பிரான்சு நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், மடிக்கணினி போன்ற சாதனங்களுக்கு, எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, விலைக்கு அருகில் ஒட்டும் வழக்கம் சட்டமாயிற்று. நம் நாட்டிலும் மத்திய அரசின் நுகர்வோர் நலத் துறை அமைத்த குழு, இத்தகைய மதிப்பீட்டைப் பற்றிய தன் அறிக்கையை 2025 மே மாதத்தில் அளித்தது. அந்த மதிப்பெண் நம் ஊர்க் கடைக்கு வரும்வரை, மூடியைத் திறந்து பார்க்கும் பொறுப்பு நம்முடையதே.

அந்தக் குடும்பம் கறுப்பு நிறத்ததையே வாங்கியது. சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பெண்ணுக்கு முதலில் மனம் சிறிது வாடியது; மறைப்பானேன்? தோழியர் கையில் மெல்லியவை மின்னும்போது தடித்ததை எடுத்து வைக்கக் கூச்சமாக இருந்ததாம். முதல் பருவத் தேர்வு முடிந்து வந்தபோது, "அந்த இன்னொரு துளையில் நானே நினைவகம் போட்டுக்கொள்ளலாமா சாமி? எப்படி என்று கையேட்டில் படித்துவிட்டேன்" என்று கேட்டாள். நான் கற்பிக்க எண்ணியதைக் காட்டிலும் அதிகமாகவே அவள் கற்றிருந்தாள். ஆனால் 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போவதே பெருங்காரணம். "விலை இறங்கட்டும், காத்திரு அம்மா" என்றேன். காத்திருக்கவும் ஒரு துளை வேண்டுமல்லவா? அது அவளிடம் இருக்கிறது.

வாங்கப் போகும் பெற்றோர்க்கு இறுதியாகச் சில சொற்கள். கடைக்காரரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள். நினைவகம் செருகியதா, பற்றவைத்ததா? வெற்றுத் துளை உண்டா? பேட்டரியை மாற்றலாமா, மாற்றுப் பேட்டரி கிடைக்குமா? நாமே மூடியைத் திறந்தால் உத்தரவாதம் கெடுமா? விடைகளைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி வாங்குங்கள். புதியது வாங்க இயலாதவர்கள், அலுவலகங்களில் பயன்பட்டுப் புதுப்பிக்கப்பட்ட தொழில்முறைப் பொறிகளைப் பாருங்கள். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் வரிசைகளில் பல உறுதியான கட்டும், எளிதில் திறக்கும் அமைப்பும் உடையவை. இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததாகவும், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்தும் வாங்குங்கள். தமிழக அரசும் தன் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்குவதாக அறிவித்தது. கடன் வாங்கும்முன் உங்கள் பிள்ளைக்கு அது கிட்டுமா என்று கல்லூரியில் கேட்டறியுங்கள்.

வாங்கியபின், கடலைப் பார்த்த சன்னலோரம் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறையிலிட்டு, அலமாரியில் வையுங்கள். மாதக்கணக்கில் மூடியே வைக்காமல் அவ்வப்போது இயக்குங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தைப் போக்கும். ஆண்டுக்கொரு முறை மூடியைத் திறந்து விசிறியின் தூசியை நீக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன், இன்று மாலை ஒரு சிறு வேலை. உங்கள் வீட்டுப் பரணில் அரசு முத்திரை பதித்த பழைய கணினி ஏதேனும் தூங்குகிறதா என்று ஏறிப் பாருங்கள். பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போடும்முன், தெரிந்தவர் ஒருவரை அழைத்து அதன் மூடியை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.